துரை ஒதுங்கி நின்ற கோல்

கொஞ்சம் நகந்துக்கிடுங்க அண்ணாச்சி. பையை மடியில வச்சுக்கிடுதேன், உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. உள்ள எக்ஸ்ரே இருக்கு, மடங்கிரக் கூடாது. பாளையங்கோட்டை வரைக்குமா? நானும் அங்கதான், நரம்பு டாக்டர்ட்ட. எனக்கில்ல, எங்க அப்பாவுக்கு. அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, சன்னலோரம், காதைச் சுத்தித் துண்டு கட்டியிருக்காருல்லா, அவருதான். மெதுவாத்தான் பேசணும். எது போனாலும் காது மட்டும் அவருக்கு நல்லாக் கேக்கும்.

பக்கத்துல தொப்பியோட உக்காந்திருக்கது யாருன்னு கேக்கியளா? நீங்களும் அதைத்தான் பாத்தியளா. பஸ்ஸுல ஏறினதுல இருந்து எல்லாரும் அந்தத் தொப்பியத்தான் பாக்காக. கரும்பச்சை வெல்வெட்டு, மேல ஒரு குஞ்சம், பாதி பூச்சி அரிச்சுப்போச்சு. சொல்லுதேன். வாய் கூசுது, இருந்தாலும் சொல்லுதேன்.

உங்களுக்கு எந்த ஊரு? தூத்துக்குடியா? அப்ப நல்லதாப் போச்சு. எங்க ஊர்க்காரரா இருந்தா நான் இப்படிப் பக்கத்துலயே உக்காந்திருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கெழமையில இருந்து கடையத் தொறக்கல. சைக்கிள் கடை வச்சிருக்கேன். பேரு 'பெனால்டி சைக்கிள் மார்ட்'. சிரிக்காதீங்க அண்ணாச்சி. மில்லுப் பக்கம் வந்து யார்ட்ட கேட்டாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டிருவாக. எங்க வீட்டுக்கே பெனால்டி வீடுன்னுதான் பேரு. எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தவுக, 'பெனால்டி திருமலையப்பன் மகளா, பெறவு விசாரிக்க என்ன இருக்கு'ன்னு அன்னைக்கே தாம்பூலம் மாத்திட்டுப் போனாக. அப்பேர்ப்பட்ட பேரு. பெத்த அப்பனே அதைக் கீழ போட்டு மிதிச்சுட்டாரு. ஊரு முன்னால. மைக் செட்டு, மேளம், எம்மெல்லே எல்லாம் வச்சுக்கிட்டு.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் விளங்கும். வெள்ளைக்காரன் காலத்துல எங்க மில்லுல தார்ன்பி துரைன்னு ஒருத்தர் மானேஜரா இருந்தாரு. நல்ல உசரம். பந்து பிடிச்சுப் பிடிச்சு எடது கையில ரெண்டு வெரலு கோணிப்போயிருக்குமாம். சீமையில பெரிய ஆட்டக்காரர். குளிர்காலத்துல புட்பாலு, வெயில் காலத்துல கிரிக்கெட்டு, ரெண்டுலயும் பேரு வாங்கினவரு. புட்பால்ல கோல்கீப்பரு. இங்கிலாந்துக்கே ஆடியிருக்காருன்னு பேச்சு. அப்படிப்பட்ட மனுசன் இந்த மலையடிவாரத்துல வந்து எதுக்குப் பஞ்சு மூட்டையைப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு எங்க ஊர்ல யாரும் யோசிச்சதில்ல. துரைன்னா எங்கயாச்சும் வந்து இருப்பாரு, அவ்வளவுதான்.

ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி, பாத்துக்கிடுங்க. கிரிக்கெட்டு ஆடும்போது ஹெட்கிளார்க்குதான் அம்பயரு. துரைக்கு அவுட்டு கொடுத்துட்டு அவரு நாளைக்கு ஆபீஸ் போகணுமா வேண்டாமா? அதனால பந்து பேட்டுல பட்டுக் கீப்பர் கைக்குப் போனாலும் ஹெட்கிளார்க்கு மலையப் பாத்துக்கிட்டு நிப்பாராம். துரையோ பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வெளிய நடந்து போயிருவாரு. யாரும் அவுட்டுன்னு சொல்லல, ஒருத்தனும் கத்தல, அவரா போயிருவாரு. சனங்க என்ன நெனைக்கும்? துரைக்கு வயித்துக் கோளாறுன்னு நெனைச்சாக. ரொம்ப நாளா அப்படித்தான் பேச்சு.

வருசா வருசம் ஆபீஸ் டீமுக்கும் தொழிலாளி டீமுக்கும் புட்பால் மேட்ச்சு நடக்கும். ஒரு ஷீல்டு உண்டு. ஆபீஸ் டீம் பூட்ஸ் போட்டு ஆடும், நம்ம ஆளுக வெறுங்காலு. கோல்ல துரை நிப்பாரு. ஒரு வருசம்கூட நம்மாளுக ஜெயிச்சதில்ல. ஆலைச் சங்கு ஊதினா ஓடுதான், ஆட்டத்துக்கு விசில் ஊதினாலும் ஓடத்தான் செய்யுதான், ஆனா கோல் மட்டும் விழாதுன்னு ஆபீஸ்க்காரங்க கேலி பண்ணுவாங்களாம். அதெல்லாம் நம்மாளுக மனசுல கெடந்து புழுங்கிக்கிட்டு இருந்திருக்கு.

அந்த வருசம் எங்க அப்பா தொழிலாளி டீம்ல முன் வரிசையில ஆடுதாரு. நூல் கண்டுப் பிரிவுல வேலை, எளவட்டம், கல்யாணம் ஆகல. நான் எங்க இருந்தேன், பொறக்கவே இல்ல. ஆனா பாத்த மாதிரி சொல்லுவேன். சின்னப் பிள்ளையில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ரெண்டு பக்கமும் சமம். ஆட்டம் முடியப் போகுது. எங்க அப்பா பந்தை எடுத்துக்கிட்டு கோல் பக்கத்துல போயிட்டாரு. குறுக்க வந்தான் ஒருத்தன், ஆபீஸ் டீம்ல பின்னால நின்னு தடுத்து ஆடுதவன். மாசிலாமணின்னு பேரு. டைம் ஆபீஸ்ல வருகை குறிக்குத வேலை. துரைக்கு ரொம்பப் பிடிச்ச ஆட்டக்காரன். அவனை மெட்ராஸ் டீமுக்கே அனுப்பி வைக்கப் போறாருன்னு பேசிக்கிட்டாக. அவன் வந்து எங்க அப்பா காலைப் பாத்து விட்டான் பாருங்க ஒரு உதை. அப்பா புரண்டு விழுந்துட்டாரு. விசில் ஊதியாச்சு. பெனால்டி.

அந்த மாசிலாமணிதான் அண்ணாச்சி, அந்தத் தொப்பிக்காரரு. அப்பா பக்கத்துல உக்காந்திருக்காருல்லா, அவரேதான். பொறுங்க, அதுக்கு வாரேன்.

ரெப்ரி ரயில்வேயில இருந்து வந்த சட்டைக்காரரு, ஆங்கிலோ இந்தியரு. தூரத்துல நின்னுட்டாரு போல, அவருக்கே சரியாத் தெரியல. மாசிலாமணி என்னடான்னா நான் தொடவே இல்ல, தொடவே இல்லன்னு கத்துதான். துரை கோலை விட்டு நடந்து வந்தாரு. மாசிலாமணிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கீழ கெடந்த எங்க அப்பாட்ட குனிஞ்சு, தமிழ்லயே, 'அடிச்சானா?'ன்னு கேட்டாரு. அப்பா, 'அடிச்சான் துரை'ன்னாரு. அவ்வளவுதான். துரை தலைய ஆட்டினாரு. திரும்பிப் போனாரு. தலையில இருந்த தொப்பியக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு, கோல் கம்பத்துல சாஞ்சு நின்னுக்கிட்டாரு. கோலு காலி. வாசலைத் தொறந்து போட்ட வீடு மாதிரி கெடக்கு.

அப்பா அடிச்சாரு. கோல். வெள்ளைக்காரன் பயந்து ஒதுங்கிட்டான்னு ஒரே கூச்சல். தொழிலாளி காலுக்குப் பயந்து துரை ஒதுங்கினான்னா அது எப்படி இருக்கும் நெனைச்சுப் பாருங்க, அந்தக் காலத்துல. அப்பாவைத் தோள்ல தூக்கிக்கிட்டு மில் கேட்டு வழியா, ஆபீசர் பங்களா வழியா, எல்லாத் தெருவும் சுத்தினாக. வீட்டுக்கு வீடு ஆரத்தி. சுயராச்சியம் பெறவுதான் வந்துச்சு, எங்க ஊருக்கு அன்னைக்கே வந்துருச்சுன்னு பெரியவுக சொல்லுவாக.

துரை அதோட மாசிலாமணியை டீமை விட்டு எடுத்துட்டாரு. மெட்ராசும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேணும்னே காலை அடிச்சுட்டு, அடிக்கலன்னு சொன்னவன் கூட அவரு ஆட மாட்டாராம். ஊர்ல அவனுக்குக் காலொடிச்சான்னு பேரு விழுந்துபோச்சு. பெறவு டைம் ஆபீசையும் விட்டுட்டு, கிரவுண்டு ஓரத்துல ஒரு சோடாக் கடை போட்டான். எங்க சின்னப் பிள்ளையில நாங்க ஓடிப்போயி, 'ஏ காலொடிச்சான், ஒரு கலர் கொடு'ன்னு கேப்போம். கொடுப்பாரு. ஒரு நாளும் வஞ்சதில்ல. எங்களை ஏன் வைய முடியும், தப்பு அவரு பேர்லதான?

எங்க அப்பா ஒரு தங்கம், அண்ணாச்சி. அவ்வளவு பேரு இருந்தும் ஒரு நாளும் அந்தக் கதையத் தன் வாயால சொன்னதில்ல. அவ்வளவு அடக்கம். வேற யாராச்சும் வீட்டுல வந்து ஆரம்பிச்சாக்கூட, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. மாடு செத்துப்போன பெறவும் அப்படித்தான் போனாரு. நான் கடைக்கு பெனால்டின்னு பேரு வச்சப்போ, கடை தொறக்குத அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், வரல. கிரவுண்டு வழியாப் போனா மில்லு பக்கம். ஆனா ரிட்டயர் ஆகுத வரைக்கும் வாய்க்கால் கரையச் சுத்தித்தான் வேலைக்குப் போவாரு. நடை நல்லதும்பாரு. அடிச்ச கால்ல ஒரு தழும்பு கெடையாது, பாத்துக்கிடுங்க. வலது காலா எடது காலான்னுகூட வெளிய தெரியாது. நான் எண்ணெய் தேச்சு விடும்போது தேடிப் பாத்திருக்கேன். அப்படி இரும்பு ஒடம்பு.

இந்த வருசம் அந்த ஷீல்டுக்குப் பொன்விழா. கமிட்டிக்கு நான்தான் செயலாளர். கிரவுண்டுல பெவிலியன் கட்டணும்னு அலைஞ்சு திரிஞ்சு கட்டி முடிச்சதும் நான்தான். அதுக்கு எங்க அப்பா பேரை வைக்கணும். இதுதான் எனக்கு ஆசை. இதுல தப்பு இருக்கா சொல்லுங்க. கமிட்டியில ரெண்டு பேரு மொறைச்சாக, நான் விடல. 'பெனால்டி திருமலையப்பன் அரங்கம்'னு போர்டு எழுதி, பச்சைப் பட்டுத் துணி போட்டு மூடியாச்சு. அப்பா உசுரோட இருக்கும்போதே அவரு பேரு மில் கிரவுண்டுல நிக்கணும். எனக்குப் பெறவு எம் பிள்ளைக்கும் அது சொல்லிக்கிட ஒரு சொத்து.

விழாவை இன்னும் பெருசாக்கலாம்னு மில்லு லேபர் ஆபீசர் ஒரு யோசனை சொன்னாரு. தார்ன்பி துரை செத்துப் பல வருசம் ஆச்சு, மகள் சீமையில இருக்கு, விலாசம் இருக்கு, கூப்பிடலாம்னாரு. கூப்பிட்டோம். வந்துருச்சு அந்த அம்மா. மார்ஜரி அம்மான்னு பேரு, அம்பது தாண்டியிருக்கும். கூட மகன் ராபின், தாடி வச்ச ஆளு. ஊரே கொண்டாடுச்சு. எனக்குள்ள வேற ஒரு திட்டம். அதே மாதிரி பெனால்டி ஒண்ணு அடிக்கணும். துரை பேரன் கோல்ல நின்னு ஒதுங்கணும், எங்க அப்பா அடிக்கணும், அடிச்சுட்டு வந்து பட்டுத் துணியை இழுக்கணும். போட்டோக்காரனுக்குச் சொல்லியாச்சு.

சனிக்கெழமை மத்தியானம் மில் பங்களாவுல அவுகளுக்குச் சாப்பாடு. நானும் அப்பாவும் போயிருந்தோம். லேபர் ஆபீசர்தான் அவுக பேசுததைத் தமிழ்ல சொன்னாரு. சாப்பிட்டு முடிச்சுட்டு அந்த அம்மா ஒரு மெல்லிசுக் காகிதத்தைப் பிரிச்சு அந்தத் தொப்பிய எடுத்து மேசையில வச்சா. இங்கிலாந்துக்கு ஆடினவுகளுக்குத் தருத தொப்பியாம். நான் தங்கத்துல ஏதாச்சும் மெடல் இருக்கும்னு நெனைச்சுட்டுப் போயிருந்தேன்.

துரையோட கதைய அப்பத்தான் முழுசாக் கேட்டேன். அவரு அப்பா கோயில் பாதிரியாராம், கையில ஒண்ணும் கெடையாது. படிக்குத காலத்துலயே ரெண்டு ஆட்டத்துலயும் பேரு. அவரு அமெச்சூரு, அப்படின்னா காசு வாங்காம ஆடுதவரு. ரயில் சார்ஜு, பூட்ஸு, சாப்பாடு, எல்லாம் சொந்தச் செலவு. ஒரு பெரிய டீமு பணத்தை நீட்டிக் கூப்பிட்டிருக்கு. மாட்டேன்னுட்டாராம். காசு வாங்கினா ஆட்டம் வேலையாப் போயிரும்னாராம். ஒரு தடவை கிரிக்கெட்ல நூறு அடிக்கப் போற நேரம். பேட்டு நுனியில பந்து பட்டது அவருக்கு மட்டும்தான் தெரியும். அம்பயர் இல்லன்னு சொன்ன பெறவும் நடந்து வெளிய வந்துட்டாரு. அவரு டீம் தோத்துப்போச்சு. கூட ஆடினவுகள்ல பாதிப் பேரு அவரு கூடப் பேசல. அவருக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லயாம். கடைசியில கைக்காசு கரைஞ்சு, ஆடக் கட்டுப்படியாகாமத்தான் மில்லு வேலைக்கு இங்க வந்திருக்காரு. எனக்கு அதைக் கேக்கச் சிரிப்பாணி. பெரிய ஆட்டக்காரருன்னு நாங்க நெனைச்சுக்கிட்டு இருக்கோம், மனுசன் பொழைக்கத் தெரியாம வந்திருக்காரு.

பெறவுதான் எனக்கு இடி விழுந்துச்சு. நான் லேபர் ஆபீசர்ட்ட, துரை எதைப் பாத்துப் பயந்து ஒதுங்கினாருன்னு கேளுங்கன்னேன். அந்த அம்மாவுக்குப் புரியல. பயமான்னு கேட்டா. லேபர் ஆபீசர் ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்திக் கேட்டாரு. அப்பத்தான் சொன்னா. அவுக ஆடின கிளப்புல அது ஒரு பழக்கமாம். நல்ல ஆட்டக்காரன் வேணும்னு யாரையும் அடிக்க மாட்டான். தன் டீம் ஆளு எதிராளி காலை அடிச்சுட்டா, அந்த கோல் எதிராளிக்குச் சேர வேண்டியது. அதைத் தடுக்கக் கூடாது. அதுக்காகத்தான் கீப்பர் ஒதுங்கி நிக்கது. சீமையிலயும் அவரு அப்படித்தான் நின்னிருக்காராம்.

எனக்கு வேர்த்து ஊத்திருச்சு அண்ணாச்சி. பிச்சையா போட்டிருக்கான் வெள்ளைக்காரன்? இத்தனை வருசமா நாங்க பிச்சைக்கா போர்டு எழுதிவச்சிருக்கோம்? இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? நான் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நாளைக்கு மேடையில இதைச் சொல்லாதீங்க, கிரிக்கெட்டைப் பத்தி மட்டும் பேசுங்கன்னேன். அந்த அம்மா எங்க அப்பாவைப் பாத்தா. பெறவு சரின்னா.

அப்பா அது வரைக்கும் அந்தத் தொப்பியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு லேபர் ஆபீசர்ட்ட, 'துரை எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. அதை வீட்டுல சொல்லியிருக்காரா, கேளுங்க'ன்னாரு. அந்த அம்மா ஒடனே தலைய ஆட்டினா. சொல்லியிருக்காராம், பல தடவை. 'ரெப்ரிக்குச் சந்தேகம், அதனால விழுந்தவன்ட்டயே கேட்டேன். ஆமான்னான். எதிராளி சொல்லுக்கு மேல ரெண்டாவது கேள்வி கெடையாது'ன்னு சொல்லுவாராம். அப்பா எந்திரிச்சுக் கை கழுவப் போனாரு. ஏற்கெனவே கழுவியாச்சு, மறுபடியும் போனாரு. தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மூளையில கோளாறு ஆரம்பிச்சது அப்பத்தான்னு இப்ப நான் நெனைக்கேன்.

ஞாயித்துக்கெழமை காலையில சவரம் பண்ணிக்கிட்டே, 'மாசிலாமணி வருவானா'ன்னு கேட்டாரு. அவரு பேரை அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் மொத தடவை. சோடாக் கடை கிரவுண்டுலதான இருக்கு, அவரு வராம எங்க போவாருன்னேன். அப்பா இட்லியத் தொடல. சந்தோசத்துல பசிக்கலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

நல்ல கூட்டம். எம்மெல்லே பேசினாரு. அந்த அம்மா சொன்ன மாதிரியே கிரிக்கெட்டைப் பத்தி மட்டும் பேசினா. நான் மைக்கைப் பிடிச்சு, வெள்ளைக்காரனை ஒதுங்க வச்ச வீரக் காலு இதோன்னு சொன்னேன். கைதட்டுன்னா அப்படி ஒரு கைதட்டு. அப்பா மாலையோட, வெறுங்காலோட எறங்கி நடந்தாரு. வயசானவருன்னு சுண்ணாம்புப் புள்ளிய ரொம்ப முன்னாலயே போடச் சொல்லியிருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு எத்தினாக்கூட கோலு. ராபின் வந்து தான் போட்டிருந்த வெயில் தொப்பியக் கழத்திட்டுக் கம்பத்துல சாஞ்சு நின்னாரு. அச்சு அசல் துரை மாதிரியே இருக்குன்னு பெரியவுக சொன்னாக.

அப்பா பந்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. கோலைப் பாக்கல. ஓரமாப் பாத்தாரு. பெறவு மெதுவா ஒரு தட்டு. பந்து கோலு பக்கமே போகல அண்ணாச்சி. உருண்டு உருண்டு, கம்பத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மாசிலாமணியோட சோடாப் பெட்டியில போயி முட்டுச்சு. பாட்டில்க கலகலன்னு ஆடுச்சு.

எல்லாரும் சிரிச்சாக பாருங்க. வே, கோலு அங்கன இல்ல, இங்கன இருக்குன்னு ஒருத்தன் கத்துதான். காலி கோலு. கைக்கெட்டுத தூரம். எனக்கு உசுரு போச்சு. சமாளிச்சு, 'பெரியவருக்கு இன்னொரு சான்ஸ்'னு மைக்குல சொல்லி, ஓடிப்போயி நானே பந்தை எடுத்து வச்சேன். அப்பா குனிஞ்சாரு. பந்தைக் கையில எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டு நேரா சோடாக் கடைக்கு நடந்தாரு. நான் பின்னாலயே போறேன், அப்பா அப்பான்னு வேட்டியப் பிடிச்சு இழுக்கேன், திரும்பல.

மாசிலாமணி ஸ்டூல்ல உக்காந்திருந்தவரு எந்திரிச்சாரு. அப்பா பந்தை அவரு கையில கொடுத்தாரு. முன் வரிசையில இருந்தவுக எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொன்னாரு. 'மாசிலா, நீ என் காலைத் தொடல. நானா விழுந்தேன். துரை கேட்டப்போ பொய் சொன்னேன்.'

கேட்டியளா? பெத்த மகன் பக்கத்துல நிக்கேன். எம்மெல்லே மேடையில இருக்காரு. மைக்கு வேற எங்கையிலதான் இருக்கு, அணைக்கல. பாதி ஊருக்குக் கேட்டுருச்சு.

மாசிலாமணி என்ன சொல்லணும்? கோபப்படணும், இல்ல அழணும். ஒண்ணும் இல்ல. 'என் காலு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா வே'ன்னாரு. பெறவு, 'மூச்சு வாங்குது உமக்கு, மொதல்ல இதைக் குடியும்'னு ஒரு சோடாவை ஒடச்சுக் கொடுத்தாரு. அப்பா கழுத்து மாலையக் கழத்தி வச்சுட்டு, அங்கனயே சோடாப் பெட்டி மேல உக்காந்து, பச்சப் பிள்ளை மாதிரி மடமடன்னு குடிச்சாரு. ஊரே பாக்குது. ராபின் மட்டும் கம்பத்துல இருந்து நிமிந்து, தனியா நின்னு கை தட்டுதாரு. கேலிதான், வேற என்ன? அந்த அம்மாவுக்கு லேபர் ஆபீசர் காதுல ஏதோ சொன்னாரு. சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குக் கண்ணுல தண்ணி, கைக்குட்டையால தொடச்சுக்கிட்டே எறங்கி வந்தா. வந்து, கைப்பையில இருந்து அந்த வெல்வெட்டுத் தொப்பிய எடுத்து மாசிலாமணி கையில வச்சா. 'எங்க அப்பா உங்கள்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்'னு அந்த அம்மா சொல்லுதுன்னு லேபர் ஆபீசர் தமிழ்ல சொன்னாரு. இங்கிலாந்துத் தொப்பி, சோடாக்காரர் தலையில. எம்மெல்லே வாட்சைப் பாத்துட்டுக் கார்ல ஏறிட்டாரு.

பட்டுத் துணிய யாரும் இழுக்கல. இன்னும் மூடித்தான் கெடக்கு. நான் கெஞ்சினேன், எல்லாரும் இருக்காக, இதையாச்சும் இழுங்கப்பான்னேன். அதுக்கு உள்ள இருக்கது எம்பேரு இல்லன்னுட்டாரு. கமிட்டி நாளைக்குக் கூடுது. மாசிலாமணி பேரை வைக்கணும்னு கையெழுத்து வாங்குதாங்களாம். வாங்குதவங்க யாரு தெரியுமா? சின்னப் பிள்ளையில என்கூட நின்னு காலொடிச்சான்னு கத்தினவனுகதான்.

வயசானா ஞாபகம் இப்படித்தான் பிசகும், அண்ணாச்சி. நடக்காததை நடந்ததாச் சொல்லும். நான் படிச்சிருக்கேன். அதான் தலையை எக்ஸ்ரே எடுத்தேன். எங்க ஊரு டாக்டர் பாத்துட்டு இதுல ஒண்ணும் இல்லன்னாரு. அவருக்கு என்ன தெரியும், சின்ன டாக்டர். பாளையங்கோட்டைக்காரர் கண்டுபிடிச்சிருவாரு. கண்டுபிடிச்சு எழுதித் தந்துட்டாருன்னா கமிட்டியில காட்டிருவேன்.

கடையை அடைச்சுப் போட்டு உள்ள தனியா உக்காந்திருக்கும்போது மட்டும் ஒண்ணு வரும். தழும்பு இல்லியேன்னு வரும். நான் அதை நிக்க விடுததில்ல. விட்டா, பெறவு நான் யாரு சொல்லுங்க. அக்காவோட மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நெனைப்பான், எம் பிள்ளை பள்ளிக்கூடத்துல என்ன பதில் சொல்லும். எனக்கு வெளிய தலை காட்ட முடியல. இப்பக்கூட பாருங்க, பத்தமடையில ஒரு தெரிஞ்ச முகம் ஏறுச்சு, நான் குனிஞ்சு செருப்பைத் தேடுதேன்.

டாக்டர்ட்ட வாங்கன்னதுக்கு ஒடனே சரின்னாரு, மாசிலாமணியும் வந்தாத்தான் வருவேன்னாரு. என்ன செய்ய? அவருக்கும் சேத்து நானே டிக்கெட் எடுத்தேன். தொப்பிய மட்டுமாச்சும் பையில வைங்கன்னேன், கேக்கல. அம்பையில ஏறினதுல இருந்து ரெண்டு பேரும் வாய் மூடல. அந்த ஆட்டத்தைத்தான் பேசுதாக. யாரு எங்க நின்னாக, யாரு பந்தை விட்டா, துரை எப்படிக் கத்துவாருன்னு. எங்கிட்ட ஒரு நாளாச்சும் அதைச் சொல்லியிருக்காரா? நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

அந்தா, பாருங்க பாருங்க. சன்னல்ல தலையச் சாச்சுக்கிட்டு எப்படிச் சிரிக்காரு பாத்தியளா? தோளு குலுங்குது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவரு இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, அண்ணாச்சி. அதுக்குத்தான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்.